பாலத்து எருமைத்தலையன்

இந்தக் காலத்து ஆட்களிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. கேட்காமலே உதவிக்கு வந்துவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டு முன்னால் ரோட்டைக் கடக்க நின்றால் ஒருத்தன் வந்து கையைப் பிடிக்கிறான். பிடித்த கையை விடுவதற்குள் இன்னொருத்தன் அதை போனில் படம் எடுக்கிறான். பேங்க்கில் சீட்டு எழுதத் தெரியாமல் நின்றால் ஒரு பெண் சிரித்துக்கொண்டே எழுதித் தருகிறாள். எழுதி முடித்ததும் இன்சூரன்ஸ் போடுகிறீர்களா என்கிறாள். காரணம் இல்லாமல் எவனும் எவனுக்கும் கை கொடுப்பதில்லை. காரணம் உடனே தெரிந்துவிட்டால் நல்லது. தெரியவில்லை என்றால் அது பெரிய காரணமாக இருக்கும்.

எனக்கு அறுபத்தொன்பது வயது. திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் முப்பத்தாறு வருசம் மூட்டை தூக்கினேன். பேட்டையில் செட்டு சேர்ந்துதான் வேலை நடக்கும். இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து மூட்டையைத் தூக்கி மூன்றாவது ஆள் முதுகில் வைப்பார்கள். சுமப்பதற்கு ஒருத்தன் போதும். தரையில் கிடக்கிற மூட்டையைத் தன் முதுகில் தானே வைத்துக்கொள்ளத்தான் முடியாது. நான் எந்தச் செட்டிலும் சேரவில்லை. லாரி ஓரத்தில் இருக்கும் மூட்டைக்கு அடியில் முதுகைக் கொடுத்து நானே வாங்கிக்கொண்டு போவேன். ஒத்தையாள் சடையாண்டி என்று பெயர். அந்தப் பெயரை நான் வேண்டாம் என்று சொன்னதில்லை.

என் பெண்டாட்டி சிவனம்மாள் போன பங்குனியில் செத்துப்போனாள். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தாள். நான் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரவு நேரம் முழுக்க பஸ்ஸில் வந்தவனுக்குக் கால் மரத்துப்போகும் அல்லவா, அந்த மாதிரி இருந்தது. கால் இருக்கிறது என்று தெரியும், மிதித்தால் தெரியாது.

காரியம் முடிந்ததும் என் மகள் மலர்விழி பேச்சை எடுத்தாள். கொடைரோட்டில் கட்டிக்கொடுத்தது.

"இங்க ஒத்தையில கெடந்து என்ன பண்ணப் போறீங்க? எங்கூட வந்துருங்கப்பா."

"சோறு பொங்கத் தெரியும். துணி அலசத் தெரியும்."

"தண்ணி?"

"பிடிப்பேன்."

"சரி. ஒரு வருசம் பாக்குறேன். ஒத்தையில முடியலன்னு தெரிஞ்சுச்சு, ஆட்டோவக் கொண்டாந்து ஏத்திக்கிட்டுப் போயிருவேன்."

மகள் வீடு மாடியில். மருமகன், அவனுடைய அம்மா, அப்பா எல்லோரும் இருக்கிறார்கள். அங்கே போனால் நாற்காலியில் உட்கார்ந்து, காபி கொடுக்கும்போது காபி குடித்து, டிவி போடும்போது டிவி பார்க்க வேண்டும். கொடுப்பதை வாங்கிக்கொண்டு உயிரோடு இருப்பதற்கு எனக்கு வராது. இந்த இரண்டு அறை வாடகை வீட்டிலேயே இருந்து முடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கணக்கு. அதற்கு ஒரு வருசம் ஒத்தையில் இருந்து காட்ட வேண்டும். இருந்தேன்.

ஆவணி மாதத்தில் மருமகன் ஈஸ்வரன் தன்னுடைய பழைய போனைக் கொண்டுவந்து கொடுத்தான். "பொழுது போகும் மாமா" என்றான். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. இரும்புச் சட்டை போட்ட ஒரு ஆள், கையில் வாள். விரலால் தள்ளினால் நடப்பான், அமுக்கினால் வெட்டுவான். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். நான் மூன்றாம் வகுப்பு. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் வெட்டுவதற்கு எழுத்து எதற்கு?

அதில் ஒரு ஆறும், ஆற்றுக்குக் கல் பாலமும் உண்டு. பாலத்தில் எருமைத் தலையும் மனுச உடம்புமாக ஒன்று நிற்கும். அதை அடித்தால்தான் அந்தப் பக்கம் போகலாம். ஒரு நாள் அடித்தால் அந்த ஒரு நாளைக்குப் பாலம் நம்முடையது. மறுநாள் அது மறுபடி எழுந்து நிற்கும். தினமும் காலை பத்து மணிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எருமைத்தலையனை அடிப்பேன். அது தலையை மூன்று தடவை ஆட்டினால் காலால் மிதிக்கப்போகிறது என்று அர்த்தம். மூக்கைத் தூக்கினால் தரையில் நெருப்பு வட்டம் வரும். லாரி சாய்வதை வைத்து மூட்டை எந்தப் பக்கம் சரியும் என்று தெரிந்துகொள்வது போலத்தான் இதுவும். அடித்துவிட்டு அந்தக் கரைக்குப் போவேன். அங்கே ஒரு மரம் இருக்கிறது. அதன் கீழே என் ஆளை உட்கார வைப்பேன். நானும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பன்னிரண்டு மணி வாக்கில் எழுந்து வீட்டுக்கு வருவேன். இதுதான் ஆறு மாதமாக நான் செய்தது.

கூட ஒரு பச்சைச் சட்டை பொம்மை வரும். கையில் கோல் வைத்திருக்கும். நாய் மாதிரி என் ஆளுக்குப் பின்னாலேயே நிற்கும். விளையாட்டோடு சேர்த்துக் கொடுத்தது என்று நினைத்தேன். குறுக்கே நிற்கிறதே என்று ஒரு நாள் வாளால் வெட்டிக்கூடப் பார்த்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு தடவை குதித்துவிட்டு மறுபடி பின்னால் வந்து நின்றது.

மாசி மாதம் ஒரு நாள் அந்தப் பொம்மையைக் காணவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எருமைத்தலையனை அடிக்கப் போனேன். பாதி அடிப்பதற்குள் என் ஆள் விழுந்துவிட்டான். மறுபடி எழுப்பிக்கொண்டு போனேன். மறுபடி விழுந்தான். அன்றைக்கு மட்டும் ஒன்பது தடவை. மறுநாள் தூணுக்குப் பின்னால் ஒளிந்து, வெட்டிவிட்டு ஓடி, மறுபடி வந்து வெட்டிப் பார்த்தேன். ஏழு தடவை விழுந்தான். மூன்றாம் நாளும் அப்படியே. என் கை அதே கைதான். தலையாட்டுவதை அதே மாதிரிதான் பார்த்து ஒதுங்கினேன். ஆனால் என் ஆள் தலைக்கு மேலே உயிரைக் காட்டுகிற சிவப்புக் கோடு குறைந்தால் குறைந்ததுதான், முன்பு மாதிரி ஏறவே இல்லை.

மகள் கொடுத்த ஒரு வருசம் முடிய மூன்று வாரம்தான் இருந்தது. விளையாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கை விட்டுப் போகிறதோ என்று இருந்தது. போனை எடுத்துக்கொண்டு மீரான் கடைக்குப் போனேன்.

மீரான் பேகம்பூர் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நாற்பது வயது இருக்கும். அவனுடைய தாய்மாமன் நூர் அகமது பேட்டையில் என்னோடு வேலை பார்த்தவன், இப்போது இல்லை. அந்தப் பழக்கத்தில் மீரானும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான்.

"கம்பெனிக்காரன் திருகிட்டான்லே" என்றேன். "ஒத்தையில ஆடுறவனாப் பாத்து எருமைக்கு வலுவக் கூட்டிவிட்டுருக்கான். காசு குடுத்து மருந்து வாங்கட்டும்னு."

"குடுங்க பாப்போம்."

அவன் ஆடினான். ஒரு நிமிசத்தில் செத்தான். திரையில் எதையோ அமுக்கிப் படித்தான்.

"மாமா, இது நாலு பேரு அடிக்கிற எருமை."

"யாரு சொன்னா?"

"இங்கன எழுதியே போட்ருக்கான். நாலு பேரு செட்டா வரணும், ஒத்தையில வந்தா ஏலாதுன்னு."

"ஆவணியிலருந்து ஒத்தையிலதான அடிக்கிறேன்."

"தெனமுமா?"

"தெனமும்."

மீரான் என்னைப் பார்த்தான். பிறகு போனைப் பார்த்தான். "கூட யாரு இருந்தா?"

"எவனும் இல்ல. ஒரு பச்சைச் சட்டை பொம்மை இருந்துச்சு. இப்ப அதையும் எடுத்துட்டான்."

"அதுக்குத் தலைக்கு மேல எழுத்து இருந்துச்சுல்ல? வெள்ளையா, மஞ்சளா?"

"வெள்ளை."

"மஞ்ச எழுத்துன்னாதான் பொம்மை மாமா. வெள்ளை எழுத்துன்னா ஆளு."

"என்ன ஆளு?"

"ஆளுன்னா ஆளு. ஒங்கள மாதிரி எங்கனயோ ஒரு பெஞ்சுல உக்காந்து போனப் பிடிச்சுக்கிட்டு இருந்த ஆளு. கோல்ல இருந்து வெளிச்சம் வருமே, அதுதான் மருந்து. நீங்க அடி வாங்க வாங்க அவுக மருந்து போட்டுக்கிட்டே இருந்துருக்காக. அதுனாலதான் ரெண்டே பேரா இருந்தும் ஒங்க ஆளு சாகல."

மீரான் திரையின் ஓரத்தில் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தான். அதில் வரிவரியாக எழுத்து இருந்தது. அது தினமும் மினுக்கிக்கொண்டே இருக்கும். நான் விளம்பரம் என்று நினைத்திருந்தேன்.

"வேற ஏதோ பாசை. இருங்க, தமிழுக்கு மாத்திப் பாக்குறேன்." மாற்றிவிட்டுப் படித்தான். "வணக்கம். உதவி வேண்டுமா. இது ஆவணியில போட்டது. அப்புறம், நீங்க அடிங்க நான் மருந்து போடுறேன். அப்புறம், ஏன் என்னை வெட்டினீங்கன்னு கேட்டுச் சிரிச்சுருக்காக. வெட்டுனீகளா?"

"குறுக்க நின்னுச்சு."

"இது கார்த்திகையில. நேத்து வரலையே, உடம்பு சரியில்லையா."

கார்த்திகையில் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். பெஞ்சுக்குப் போகவில்லை.

"தெனமும் பத்தேகாலுக்கு ஒரு வணக்கம் இருக்கு" என்றான் மீரான். "நூத்தம்பது வணக்கம் இருக்கும் போல. நீங்க ஒண்ணுக்குக்கூடப் பதில் போடல."

"கடைசியா என்ன இருக்கு?"

"நாளையிலருந்து வர முடியாது. நெருப்பு வட்டம் வந்தா இடதுபக்கம் ஒதுங்குங்க, வலதுபக்கம் ஒதுங்குறீங்க. அம்புட்டுதான்."

"எங்க போறானாம்?"

"போடல."

"ஆம்பளையா பொம்பளையா?"

"தெரியல மாமா. எந்த ஊருன்னும் தெரியல."

"என்ன கேட்டான்?"

"ஒண்ணும் கேக்கல."

"கேட்டுருப்பான். நல்லாப் பாரு. ஆறு மாசம் ஒருத்தன் சும்மா வந்து நிப்பானா?"

மீரான் மேலிருந்து கீழே மறுபடியும் ஒருமுறை தள்ளிப் பார்த்தான். "இல்ல மாமா."

"அப்ப ஏன் வந்தான்?"

"ஏன்னு கேட்டா? மருந்து போடுற ஆளாலயும் அத ஒத்தையில அடிக்க முடியாது. அது ஒண்ணு. ஆனா அதுக்கு நல்லா ஆடுற ஆளு ஆயிரம் பேரு இருக்கான், ஒங்ககிட்ட வரணும்னு இல்ல." அவனுக்கும் தெரியவில்லை. பிறகு அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. "பேட்டையில நீங்க ஒத்தையில மூட்டை தூக்குனதச் சொல்லுவீகளே மாமா. லாரிக்கு மேல நின்னு மூட்டைய ஓரத்துக்குத் தள்ளிவிட்டது யாரு?"

"ஒங்க மாமன் நூர் அகமது."

"ம்."

"அவன் பாட்டுக்குத் தள்ளுனான். அதுக்கும் எனக்கும் என்ன?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லி மீரான் போனைத் திருப்பிக் கொடுத்தான். கொடுக்கும்போது ஒரு பொத்தானைக் காட்டினான். "இத அமுக்குனா ஒங்க ஆளு கையாட்டும். யாராச்சும் பக்கத்துல வந்தா அமுக்குங்க. செட்டுல சேத்துக்கிருவாக."

"யாருன்னே தெரியாதவனுக்கு நான் எதுக்குக் கையாட்டணும்?"

வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி சாதம் வடிக்கும்போது மீரான் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். கோபம் வரவில்லை. சந்தோசமும் வரவில்லை. ஏமாந்திருக்கிறேன் என்று மட்டும் தெரிந்தது. எதில் ஏமாந்தேன், எவ்வளவுக்கு ஏமாந்தேன் என்பதுதான் பிடிபடவில்லை.

பாலம் தாண்ட முடியாது என்று ஆன பிறகு டீக்கடை பெஞ்சுக்குப் போகவும் தோன்றவில்லை. நாலு நாள் வீட்டிலேயே கிடந்தேன். நாலாவது நாள் தண்ணீர் நாள்.

எங்கள் காம்பவுண்டில் மூன்று வீடு. மூன்றுக்கும் சேர்த்து முற்றத்தில் ஒரு குழாய். எட்டு நாளைக்கு ஒரு தடவை பத்தரை மணிக்கு வந்து இரண்டு மணி நேரத்தில் நின்றுவிடும். என் நீல டிரம் குழாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் காலையிலேயே குழாயைத் திறந்து, ரப்பர் ஓஸை டிரம்முக்குள் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவேன். மத்தியானம் வந்து பார்த்தால் டிரம் நிறைந்து, மேலே மூடியும் போட்டிருக்கும். தண்ணீர் பிடிப்பேன் என்று மகளிடம் சொன்னது இதைத்தான்.

அன்றைக்குக் கட்டிலில் படுத்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. குழாயில் காற்று சீறுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு புஷ்பமேரி வந்தாள். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள், ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டே வந்தாள். என் டிரம்மில் கிடந்த ஓஸை எடுத்து வெளியே போட்டாள். டிரம்மைச் சாய்த்து, அடித்தண்ணீரைக் கொட்டி, தேங்காய் நாரால் உள்ளே தேய்த்தாள். மறுபடி நிமிர்த்தி ஓஸைப் போட்டாள். நான் எழுந்து வெளியே போனேன்.

"என்ன பண்ற?"

அவள் திடுக்கிட்டாள். "வீட்டுலயா இருக்கீக? தண்ணி பிடிக்கிறேன்ணே."

"அது என் டிரம்மு."

"தெரியும். என் டிரம்மு செவப்பு."

"ஓஸுதான் கெடக்குல்ல. தன்னால நெறையும்."

"தன்னாலயா?" நான் விளையாடுகிறேனா என்று பார்த்தாள். "கொழா ஒண்ணு, வீடு மூணு. மாத்தி மாத்திப் போடலன்னா கடைசி வீட்டு ஸ்டான்லிக்கு எப்புடித் தண்ணி வரும்? நெறஞ்சா யாரு எடுப்பா? இது வழிஞ்சு நீங்க பாத்துருக்கீகளா?"

பார்த்ததில்லை. ஒரு வருசமாக முற்றம் ஈரமாக இருந்ததே இல்லை. மூடியை யார் போட்டது என்றும் நான் யோசித்ததில்லை.

"எம்புட்டு நாளா நீ பிடிக்கிற?"

"மூணு வருசமிருக்கும். சிவனம்மா மதினிக்குத் தோள்பட்டையத் தூக்க முடியாமப் போச்சுல்ல, அப்பருந்து."

"எந்தத் தோள்பட்டை?"

"வலதுதான். ஒங்களுக்குத்..." பாதியில் நிறுத்திவிட்டு ஓஸைச் சரியாக்கினாள்.

"ஒனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"எனக்கா? ஒங்க வீட்ட எழுதி வாங்கலாம்னு இருக்கேன். வாடகை வீடு, அதுவும் ஓட்டு வீடு. எப்ப எழுதித் தாரீக?"

"வெளையாடாத. எதுக்குப் பிடிச்ச?"

"தண்ணி வருது, பிடிக்கிறேன். என்னத்தச் சொல்லச் சொல்றீக?" என்றாள். "தள்ளுங்க, காலு நனையுது."

உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். சிவனம்மாள் கடைசிவரைக்கும் எனக்குச் சோறு போட்டாள். எந்தக் கையால் போட்டாள் என்று நினைத்துப் பார்த்தேன். தட்டு ஞாபகம் வந்தது. கத்தரிக்காய் வெஞ்சனம் ஞாபகம் வந்தது. கை ஞாபகம் வரவில்லை. வெளியே ஓஸை ஸ்டான்லி வீட்டு டிரம்முக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது.

பங்குனி முதல் ஞாயிற்றுக்கிழமை மலர்விழி வந்தாள். நான் ஒரு பையில் இரண்டு வேட்டி, நாலு சட்டை, சிவனம்மாள் போட்டோ எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. இவ்வளவு நாள் சொன்னதும் பொய் என்று தெரியாமல் சொன்னதுதான். மகள் பையைப் பார்த்தாள். செத்த நேரம் அது இது பேசிவிட்டு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்.

"தண்ணியெல்லாம் யாரு பிடிக்கிறா?"

"புஷ்பமேரி."

அவள் என்னையே பார்த்தாள்.

"ஒங்க அம்மா இருக்கும்போதே அவதான் பிடிச்சுருக்கா. நான் பிடிக்கல. எனக்கே போன மாசம்தான் தெரியும். ஒத்தையில முடியலன்னா ஏத்திக்கிட்டுப் போவேன்னு சொன்னேல்ல. ஆட்டோவ வரச் சொல்லு."

"எனக்குத் தெரியும்பா" என்றாள் மலர்விழி. "அம்மாவே எங்கிட்டச் சொல்லியிருக்கு. மேரியக்காகிட்ட நான் வாராவாரம் போன்ல பேசுறேன்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் ஒவ்வொரு தடவையும் கேட்டியா?"

"நீங்க என்னைக்குச் சொல்றீங்கன்னு பாத்தேன். நானே பிடிக்கிறேன், நானே பிடிக்கிறேன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. அப்புடிச் சொல்ற ஆள எப்புடி விட்டுட்டுப் போறது? வழுக்கி விழுந்தாக்கூட பக்கத்து வீட்டக் கூப்புட மாட்டீங்க. பக்கத்துல ஆளு இருக்குன்னே ஒங்களுக்குத் தெரியாது." அவள் பையைத் திறந்து போட்டோவை எடுத்தாள். பழைய ஆணியில் மாட்டினாள். "இப்பத் தெரியுதுல்ல. இருந்துக்கங்க. விழுந்தா கூப்புடுவீங்களா?"

நான் ஆணியில் கோணலாக நின்ற போட்டோவை நேராக்கினேன்.

வாசலில் புஷ்பமேரி டம்ளரோடு நின்றிருந்தாள். "அவரு எங்க கூப்புடப் போறாரு? நாமதான் எட்டிப் பாக்கணும். வருசம் பூரா எட்டிப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். குறட்டைச் சத்தம் கேட்டா திரும்பிப் போயிருவேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வீட்டில் இருக்கலாம் என்று ஆகிவிட்டது. நான் ஒரு வருசம் இதற்காகத்தான் இருந்தேன். கிடைத்ததும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஒத்தையில் முடியும் என்று காட்டினால் இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். முடியாது என்று சொன்னதும் இருக்கச் சொல்கிறார்கள். இதில் ஏதோ இருக்கிறது. ஒரு பொம்பளை மூன்று வருசம் டிரம் கழுவுகிறாள். எந்த ஊரோ, ஒருத்தன் ஆறு மாதம் வணக்கம் போடுகிறான். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்கள். எனக்குப் புரிகிற மாதிரி ஒரு காரணத்தை ஒருத்தரும் சொல்லவில்லை.

துண்டை எடுத்துத் தோளில் போட்டேன்.

"எங்கப்பா போறீங்க?"

"டீக்கடைக்கு."

"மேரியக்கா காபி கொண்டாந்துருக்கு."

"நீ குடி."

பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். ரொம்ப நாள் கழித்துத் திறந்ததால் என்னென்னவோ ஓடி முடிந்து, பிறகுதான் ஆறு வந்தது. எருமைத்தலையன் பாலத்தில் நின்றான். பாலத்துக்கு முன்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். மூன்று தலைக்கு மேலும் வெள்ளை எழுத்து. மூன்று பேர்தான், நாலாவது ஆளுக்காக நிற்கிறார்கள் போல. என் ஆளைப் பார்த்ததும் ஒருத்தன் கையாட்டினான். ஓரத்துப் பெட்டி மினுக்கியது. அவர்களில் கோல் வைத்திருந்த ஒருத்தன் நான் கேட்காமலே என் ஆள் மேல் வெளிச்சத்தைப் போட்டான். சிவப்புக் கோடு முழுசாக ஏறியது.

மீரான் காட்டிய பொத்தான் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. எதற்குப் போட்டான் என்று தெரியாமல் நான் அதை அமுக்கவில்லை. என் ஆளைத் திருப்பி, ஆற்றின் இந்தக் கரையோடு பாலத்தை விட்டு நடக்கவிட்டேன். இந்தப் பக்கம் மரம் எதுவும் இல்லை. பின்னால் எவனாவது வருகிறானா என்று திரும்பிப் பார்க்கவில்லை.